தலைக்கு நூற்றிருபது

தரமணியில் மூன்றாவது மாடி.
ஏசி பதினெட்டில் நிற்கிறது, எந்திரங்களுக்காக.
எங்களுக்கு ஸ்வெட்டர்.
ஒரு தலைக்கு நூற்றிருபது ரூபாய்
என்று பெர்னதெத் சொல்லிச் சிரித்தபோது
நான் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.
நானும் சிரித்தேன்.

எம்ஆர்ஐ படத்தில்
மூளை எது, மூளையில்லாதது எது
என்று பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.
முதல் கோட்டை மென்பொருள் போட்டுக் கொடுக்கும்,
கையில் எண்ணெய் தடவாமல்
பலா அறுக்க உட்கார்ந்தவன் மாதிரி:
அங்கங்கே தோல் ஒட்டியிருக்கும்,
அங்கங்கே சுளையும் பிய்ந்திருக்கும்.
சிறுமூளையின் அடிவிளிம்பைத் தின்றுவிடும்.
உச்சியில் ஓடும் பெரிய சிரையை
மூளையென்று நம்பி வைத்துக்கொள்ளும்.
மவுஸைப் பிடித்து நான் திருத்துவேன்,
நூற்றெழுபத்தாறு துண்டு,
துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்.

கொழுப்பு வெள்ளை. எலும்பு கறுப்பு.
பிரமன் எழுதியதாகச் சொல்வார்களே, அந்த ஓட்டில்
நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்,
இல்லையென்றால் பொய்.
கறுப்பு மையில் எழுதியிருப்பான் போல.
முதலில் நீக்க வேண்டியது அதைத்தான்.

கஷ்டம் கண்ணில்.
பார்வை நரம்பைப் பிடித்துக்கொண்டு
மென்பொருள் விழிவரை வழுக்கிப் போய்விடும்.
இரண்டு விழியும்
காம்போடு பறித்த நாவற்பழமாய்
மூளையின் முன்னால் தொங்கும்.
அழிக்க வேண்டும். எங்கிருந்து?
பார்த்தது எந்த மில்லிமீட்டரில்
நினைத்ததாக மாறுகிறது?
நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு முன்னால் வெட்டவும்
என்கிறது வழிகாட்டியின் நாலாம் பக்கம்.
காரணம் ஐந்தாம் பக்கத்திலும் இல்லை.

வேலை எப்படிப் போகிறது என்று அம்மா போனில் கேட்டாள்.
கண்ணும் கருத்துமாகச் செய்கிறேன் என்றேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது,
ரெண்டையும் பிரிக்கத்தான் சம்பளம்.

பெயர் வராது. எண் மட்டும்.
233 வந்தது நவம்பரில்,
கீழே கார்கள் பாதிச் சக்கரம் முங்கி நின்ற அன்று.
கை தவறி முப்பரிமாணப் பொத்தானை அழுத்திவிட்டேன்.
சாம்பல் நிறத்தில்
ஒரு முகம் எழுந்து வந்தது.
மூடிய இமை. தலையணைப் பஞ்சில் நசுங்கிய காது.
இடப்பக்கம் சாய்ந்த மூக்கு,
எப்போதோ உடைந்து அவசரத்தில் கூடியது.
பல்லை அடைத்த உலோகம்
கன்னத்தில் ஒரு பள்ளம் பறித்திருந்தது.
வாய் மட்டும்
அந்தக் குழாய்க்குள் கேட்கும் இடியை
இன்னும் பொறுத்துக்கொண்டிருந்தது.

பொத்தானை மறுபடி அழுத்தினேன்.
அப்புறம் நாற்பது நிமிடம்:
மூக்கு, நாக்கு, கன்னம், பல்.
டாக்டர் அஸ்மத் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

ஜனவரியில், பறக்கும் ரயிலில்,
கஸ்தூரிபாய் நகரில் ஏறினார் ஒருவர்.
ஐம்பது வயதிருக்கும். கட்டைப்பை நிறைய
பிவிசி குழாயின் முழங்கை மூட்டுகள்.
எனக்கு எதிரே உட்கார்ந்தார்.
மூக்கு.

எங்கள் படங்களில் இடமும் வலமும் மாறி வரும்.
மனசுக்குள் திருப்பிப் பார்த்தேன், அவர்தான்.
திருப்பாமல் பார்த்தேன்,
அப்போதும் அவர்தான்.
இருக்காது.
இந்த ஊரில் உடைந்த மூக்குக்கா பஞ்சம்?

என்னம்மா, என்றார்.

உங்கள் வலது நெற்றிக்குப் பின்னால்
ஒரு மடிப்பு மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஆழம்,
அங்கே கோடு போட எனக்கு
ஆறு முறை பிடித்தது,
இதை எப்படிச் சொல்வது?
தினமும் போகிறவள் நான் கேட்டேன்:
அடுத்தது இந்திரா நகரா?

ஆமாம் என்று தலையாட்டினார்.
எலும்பு, கொழுப்பு, தோல்,
எண்ணெய் வைத்த முடி,
என்னையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்
எல்லாம் ஒட்டியபடியே
அந்தத் தலை
மேலும் கீழும் அசைந்தது.
பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.